மச்சம் இருந்த பக்கம்

“அவுக முகம் எனக்கு மறந்துட்டு வருது, டீச்சர்.”

ரெஜினாள் இதைச் சொன்னபோது பவளக்கொடி வாளியில் கம்பளி நூலை அலசிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“போட்டோ இல்லையாக்கா?”

“இருக்கு. அதுல இருக்கது, போட்டோக்காரன் சொன்னாம்னு மூச்சப் பிடிச்சுக்கிட்டு உக்காந்த ஆளு. அவுக இல்ல.”

பவளக்கொடி நூலைப் பிழிந்து கொடியில் போட்டாள்.

நெசவு டீச்சருக்கு மாணவி ரெஜினாளைவிட இருபது வயதுக்கு மேல் குறைவு. ரெஜினாளின் மகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். மகளுக்கு அந்த மலையூர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை. அப்பா இறந்த பிறகு, தூத்துக்குடியில் தனியாக இருந்த அம்மாவைக் கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொண்டாள். குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிக்கொள்ளலாம் என்று நூல் வாங்கப் போன அம்மா, பவளக்கொடியின் பட்டறையில் தறியைப் பார்த்தாள். அதோடு சரி. ஸ்வெட்டர் இன்றுவரை வரவில்லை.

பவளக்கொடி நூலாலேயே படம் நெய்கிறவள். மலை, மேகம், ஆட்டுக்கூட்டம் என்று ஆள் உயரத்துக்கு நெய்வாள். சுவரில் மாட்ட வெளியூரிலிருந்தெல்லாம் வந்து வாங்கிப்போவார்கள். பேச்சு மட்டும் கம்மி. அவளிடம் ஒரு பதில் வாங்குவதற்குள் கேட்டவருக்கே கேள்வி மறந்துவிடும்.

ரெஜினாள் அவளிடம் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இரண்டு சின்ன மலைகளும் ஒரு கோணல் ஆடும் நெய்து முடித்திருந்தாள்.

“நான் அவுக முகத்த நெய்யணும்” என்றாள்.

“நெய்யலாம். அண்ணன் என்ன நிறம்?”

“கருப்பு.”

“எந்தக் கருப்பு?”

ரெஜினாளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கட்டின புருஷனைப் பற்றி இப்படி ஒரு கேள்வியா? பதில் சொல்ல வாயைத் திறந்தவள், கொடியில் காய்ந்த நூல்களில் அந்தக் கருப்பைத் தேடினாள்.

பவளக்கொடி ஒரு கூடை வெள்ளைக் கம்பளி நூலைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். சாயம் காய்ச்சும் அடுப்பைக் காட்டினாள். கடுக்காய், மாதுளம் தோல், துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீர். தன் தறிக்குப் போய்விட்டாள்.

மழைக்காலம் முழுக்க ரெஜினாள் காய்ச்சினாள்.

காப்பிப்பொடி நிறம் வந்தது. கருப்பட்டி நிறம் வந்தது. ஒருநாள் காக்கா நிறமே வந்துவிட்டது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக் கொடியில் போடுவாள்.

பவளக்கொடி அந்தப் பக்கம் போகும்போது கேட்பாள். “இன்னைக்கு?”

“இல்ல.”

அவள் கணவர் தொம்மை உப்பளத்தில் மோட்டார் மெக்கானிக்காக இருந்தவர். மேலேயிருந்து ஒரு வெயில், உப்பிலிருந்து ஒரு வெயில். சட்டைக் காலருக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். பெண் பார்க்க வந்த அன்று ஒரு நிறம், பணி ஓய்வு பெற்றபோது வேறொரு நிறம். இத்தனையும் தனக்குத் தெரியும் என்பதே ரெஜினாளுக்கு அடுப்படியில் நிற்கும்போதுதான் ஒவ்வொன்றாகத் தெரியவந்தது.

மழை விட்ட ஒரு காலையில், காய்ந்த நூலை எடுத்துக் கன்னத்தில் வைத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். பட்டறை நாய் எழுந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பப் போய்ப் படுத்தது.

பவளக்கொடி ஒரு பெரிய தாளைக் கொண்டுவந்து விரித்தாள்.

“இனி வரைங்கக்கா.”

“எனக்கு எங்க வரைய வரும்? நீங்க வரைஞ்சு குடுங்க.”

“எனக்கு அண்ணனைத் தெரியாதே.”

ரெஜினாள் கரித்துண்டால் வரைந்தாள், அழித்தாள், மறுபடி வரைந்தாள். மூக்கு வந்தது. இடது புருவத்துக்கு மேலே மச்சம் வந்தது. சிரிப்புதான் ரொம்ப நாள் போக்குக் காட்டியது. தொம்மைக்கு வாயின் வலது ஓரம் மட்டும் மேலே ஏறும். பாதிச் சிரிப்பு. மீதியைத் தனக்கென்று வைத்துக்கொண்டது மாதிரி இருக்கும். கடைசியில் அதுவும் வந்தது.

அடுத்தது தறி.

இந்தத் தறியில் ஒரு சங்கதி உண்டு. நெய்கிறவள் துணியின் பின்பக்கம் உட்கார்ந்துதான் நெய்ய வேண்டும். நூல் முனைகள், முடிச்சுகள் எல்லாம் அவள் பக்கமே தொங்கும். வரைந்த படத்தை, தறியில் நெடுக்காகக் கட்டிய பாவு நூல்களுக்குப் பின்னால் கட்டி, அதைப் பார்த்துப் பார்த்து நிறம் கோப்பாள். அவள் கண்ணுக்கு வலது பக்கம் இருப்பது, முன்பக்கத்தில் இடது பக்கமாக விழும். ஆகையால் படத்தைக் கட்டும்போதே திருப்பிப் போட்டுக் கட்டிவிட வேண்டும். அந்தப் பட்டறையில் முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் பாடமே இதுதான். கோணல் ஆட்டைக்கூட ரெஜினாள் திருப்பிப் போட்டுத்தான் நெய்திருந்தாள்.

தொம்மையையும் திருப்பிப் போட்டாள். மெல்லிய தாள், மறுபக்கம் நன்றாகவே தெரிந்தது.

பார்த்தாள். யாரோ.

மச்சம் இடம் மாறியிருந்தது. சிரிப்பு அந்தப் பக்கம் போயிருந்தது. யாரோ ஒரு அசலூர்க்காரர் அவரைப் போலவே நடித்துக் காட்டுவது மாதிரி இருந்தது. இந்த ஆளோடா மாசக்கணக்கில் முகத்துக்கு முகம் உட்காருவது?

தாளை மறுபடி திருப்பினாள். தொம்மை வந்தார். அப்படியே கட்டினாள். முன்பக்கம் என்ன ஆகும் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பவளக்கொடி வந்து நின்றாள். படத்தைப் பார்த்தாள். ரெஜினாளைப் பார்த்தாள். டீ போடப் போய்விட்டாள்.

ரெஜினாள் தாடையிலிருந்து ஆரம்பித்தாள். காலையில் மகள் பள்ளிக்குக் கிளம்பியதும் வந்துவிடுவாள். நூலைக் கோப்பாள், சீப்பால் தட்டி இறுக்குவாள், பேசிக்கொண்டே இருப்பாள்.

“ஒங்க மவ வைக்கிற கொழம்புல உப்பே இல்ல. ஒங்களுக்குப் பொறந்தவ உப்பில்லாம சமைக்கா, பாத்துக்கிடுங்க.”

“இந்த ஊருல மீனு மூணு நாளு கழிச்சு வருது. நீங்க இருந்தா கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போயிருப்பீய.”

அவர் பாதிச் சிரிப்போடு கேட்டுக்கொண்டிருப்பார். நாளாக ஆக, இந்தத் துணிக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது என்பதே அவளுக்கு மறந்துபோனது. எதிரே உட்கார்ந்து பேசுகிற ஆளுக்குப் பின்னால் போய் யார் பார்க்கிறார்கள்? தறியும் சுவரை ஒட்டி நின்றது. எலி வேண்டுமானால் போய்ப் பார்த்திருக்கலாம்.

நெய்த துணி, படத்தோடு சேர்த்து, கீழ் உருளையில் சுற்றிக்கொண்டே போகும். ஒருநாள் அந்த வாய் கீழே உருளப்போனது.

ரெஜினாள் உருளையைப் பிடித்துக்கொண்டாள்.

“இதச் சுத்தாதீங்க, டீச்சர்.”

“சுத்தாம மேல நெய்ய முடியாதுக்கா.”

“சரி, சுத்துங்க. நாளைக்கு ஒரே ஒரு தடவ அவுத்துப் பாத்துக்கிடுதேன்.”

“பாவு தளர்ந்துரும்.”

“அந்தச் சிரிப்பு எனக்கு மறந்துட்டுன்னா?”

பவளக்கொடி உருளையைச் சுற்றினாள். வாய் போனது.

“கல்நெஞ்சுக்காரி” என்று ரெஜினாள் நாயிடம் சொன்னாள். அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை. ஏற்கெனவே ஒருமுறை சவப்பெட்டியை மூடியதைப் பார்த்தவள். மறுபடியும் பார்க்க வைத்துவிட்டாளே என்று இருந்தது.

மூக்கு போனது. கண் போனது. மச்சமும் போனது. நெற்றியும் தலைமுடியும் மிஞ்சின. அதையும் நெய்து முடித்தாள்.

துணியைத் தறியிலிருந்து அறுக்கும் நாளில் அந்தப் பட்டறையில் கேசரி கிண்டுவது வழக்கம். பவளக்கொடி கிண்டினாள். ரெஜினாள் ஈஸ்டருக்கு எடுத்த புதுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். கூந்தலில் பூ வைத்துக்கொள்ள ஆசை வந்தது. மகள் என்ன நினைப்பாளோ என்று வைத்துக்கொள்ளவில்லை.

பாவு நூல்களை இருவரும் அறுத்தார்கள். உருளையிலிருந்து அவிழ்த்து, முன்பக்கம் தெரியும்படி சுவரில் இருந்த கம்பில் மாட்டினார்கள்.

ரெஜினாள் நாலு எட்டு பின்னால் போய்ப் பார்த்தாள்.

அசலூர்க்காரர் வந்துவிட்டார்.

வலது புருவத்துக்கு மேலே மச்சம். இடது ஓரத்தில் சிரிப்பு. நிறம் மட்டும் அவருடையது.

“இது அவுக இல்ல.”

பவளக்கொடி துணியின் ஓரத்தை நீவிவிட்டாள்.

“அவுக தம்பி மாதிரில்லா இருக்கு. அவுகளுக்குத் தம்பியே கெடையாது.”

ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நான் படத்தத் திருப்பிப் போடாம கட்டினத நீங்க அன்னைக்கே பாத்தீயல்லா?”

“பாத்தேன்.”

“ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா? படிச்சுப் படிச்சுச் சொல்லிக்குடுத்தது நீங்கதான!”

“சொல்லியிருந்தா திருப்பியிருப்பீங்களாக்கா?”

ரெஜினாள் கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திருப்பியிருக்க மாட்டாள். அது அவளுக்கே தெரியும். அந்தத் தெரிந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

“இருக்க கொஞ்ச ஞாபகத்தயும் இந்த ஆளு அழிச்சிருவான். கண்ண மூடுனா இனிமே இவந்தான் வருவான்.” கையை நீட்டினாள். “கத்திரியத் தாங்க.”

பவளக்கொடி கத்திரியை எடுத்தாள். பிடி ரெஜினாள் பக்கம் இருக்கும்படி நீட்டினாள்.

ரெஜினாள் வாங்கிக்கொண்டு துணிக்கு முன்னால் போய் நின்றாள்.

“அக்கா.”

“என்ன?”

“அண்ணன் வீட்டுல எங்க நின்னு சவரம் பண்ணுவாரு?”

ரெஜினாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்கிற நேரமா இது?

“கெணத்தடியில. ஞாயித்துக்கெழம பூசைக்குப் போறதுக்கு முன்னால. முருங்க மரத்துல ஆணி அடிச்சு, கண்ணாடிய மாட்டி...”

கையிலிருந்த கத்திரி தாழ்ந்தது.

பவளக்கொடி கேசரிச் சட்டியை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டது.

ரெஜினாள் மெதுவாகச் சொன்னாள். டீச்சரிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை.

“செரைச்சு முடிச்சும் அங்கயே நிப்பாவ. கண்ணாடியப் பாத்துத் தனியாச் சிரிப்பாவ. பூசைக்கு மணி அடிச்சிரும். நான் வாசல்ல நின்னு கத்துவேன், அப்படி அதுல யாரத்தான் பாக்குதீயன்னு. சொல்லவே மாட்டாவ.”

துணியில் இருந்தவர் இடது ஓரத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

ரெஜினாள் கத்திரியை ஸ்டூலின் மேல் வைத்தாள். சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, முன்பின் தெரியாதவர் முன்னால் நிற்பதுபோல் கொஞ்சம் ஒதுங்கி நின்றாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

“இவுகளப் பாத்தா சிரிச்சீய?”