சிங்காரி கீரியின் மூன்று பானைகள்

செம்மண் காட்டில் சிங்காரி என்றொரு கீரி இருந்தாள். அவளுக்கு வேலப்பன் என்று ஒரே மகன். வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு கிணறு. கோடையிலும் வற்றாத கிணறுதான். ஆனால் தண்ணீர் செக்கச்செவேலென்று இருக்கும். குடித்தால் பல்லில் மண் நறநறக்கும்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெண் கொடுப்பவர்கள் முதலில் மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வருவார்கள். வந்ததும் ஒரு தேங்காய்ச் சிரட்டை தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள். இரண்டாவது சிரட்டை கேட்டால் சம்மதம். கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

வேலப்பனுக்கு வந்த சம்பந்தமெல்லாம் முதல் சிரட்டையோடு நின்றுபோனது. “இந்தத் தண்ணியக் குடிச்சிட்டு எங்க பொண்ணு எப்படிக் குடும்பம் நடத்துவா?” என்று ஒருத்தி வாசலிலேயே கேட்டுவிட்டாள்.

சிங்காரிக்கு ரோஷம் வந்துவிட்டது. மூன்று பானைகளைத் தேடிக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். மேல் பானையில் ஆற்று மணல். நடுப்பானையில் கரித்துண்டும் கூழாங்கல்லும். இரண்டுக்கும் அடியில் சின்னத் துளை போட்டுத் தேங்காய் நாரைச் செருகினாள். மேலே ஊற்றிய செந்தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கியது. கீழ்ப்பானையில் தெளிந்த தண்ணீர் சேர்ந்தது. வேலப்பன் குனிந்து பார்த்தான். தண்ணீரில் அவன் மீசை தெரிந்தது.

அதன்பிறகு சிங்காரியைக் கையில் பிடிக்க முடியவில்லை. போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டுத் தண்ணீர் கொடுத்தாள்.

மழைக்காலம் முடிந்தது. புற்றுமேட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் பெயர் செவ்வந்தி. வேலப்பன் அவளை ஓடைக்கரையில் பார்த்திருந்தான். அன்றிலிருந்து அவனுக்கு முட்டைகூடத் தொண்டையில் இறங்கவில்லை.

“அம்மா, இதுவும் தட்டிப்போச்சுன்னா நான் கல்யாணமே பண்ணிக்க மாட்டேன்” என்றான்.

பெண் வீட்டார் வரும் நாள் காலையில் பக்கத்து மரத்து மைனா வேடிக்கை பார்க்க வந்தது. வந்த மைனா சும்மா இருக்கலாம் அல்லவா? மேல் பானைக்குள் தலையை விட்டுப் பார்த்தது.

“என்னக்கா இது, பானைக்குள்ள இம்புட்டுச் சேறு! இதுவழியா வந்த தண்ணியையா எனக்குக் குடுத்த?”

சிங்காரி எட்டிப் பார்த்தாள். மணலின்மேல் சிவப்பாகச் சேறு படிந்து ஏடு கட்டியிருந்தது. ‘இதைச் சம்பந்தி வீட்டார் பார்த்தால் என்ன ஆகும்?’ என்று அவளுக்குப் பகீரென்றது. பற்றவைக்கிற வேலை முடிந்ததென்று மைனா பறந்துபோனது.

சிங்காரி மளமளவென்று வேலையில் இறங்கினாள். மணலை அப்படியே கொல்லைக் குப்பையில் கொட்டினாள். கரி கறுப்பாக இருக்கிறதே என்று அதையும் கொட்டினாள். பானைகளைத் தேய்த்துக் கழுவினாள். பானைகளின் வெளிப்புறத்தில் சுண்ணாம்புக் கோலம் போட்டாள். வெள்ளை வெளேரென்ற கூழாங்கற்களை மட்டும் உள்ளே நிரப்பினாள்.

“மணல் இல்லாம தண்ணி தெளியுமாம்மா?” என்று கேட்டான் வேலப்பன்.

“பானை சுத்தமா இருந்தா தண்ணியும் சுத்தமாத்தான் இருக்கும். நீ போய் வாலைச் சீவு.”

தண்ணீரை ஊற்றினாள். அது சளசளவென்று இறங்கியது. சொட்டுச் சொட்டாக வந்த தண்ணீர் இப்படி ஓடுகிறதே என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். கீழ்ப்பானையை மூடி வைப்பதற்குள் வாசலில் ஆள் அரவம் கேட்டது.

செவ்வந்தியின் அப்பா கருத்தமுத்துவும் அம்மா ராக்காயியும் வந்துவிட்டார்கள். பானைகளைப் பார்த்து ராக்காயி அசந்துபோனாள். “கண்ணு கூசுது மதினி” என்றாள். சிங்காரி பெருமையாகச் சிரட்டையில் மொண்டாள். மொண்ட தண்ணீர் செக்கச்செவேலென்று இருந்தது. நீட்டிய கையை எப்படி மடக்குவது?

ராக்காயி ஒரு வாய் குடித்தாள். பல்லில் மண் நறநறத்தது. சிரட்டையைக் கீழே வைத்தாள்.

“பானை ரொம்ப நல்லா இருக்கு மதினி. நாங்க குடிக்க வந்தது தண்ணி” என்றாள்.

வேலப்பனின் சீவிய வால் தொங்கிப்போனது.

கருத்தமுத்துவுக்கு ஒரு குணம் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும் கொல்லையைப் பார்க்காமல் திரும்பமாட்டார். வாசலை யார்தான் கூட்டி வைக்கமாட்டார்கள் என்பார். அன்றும் கொல்லைக்குப் போனவர் குப்பையில் கிடந்த மணலைப் பார்த்தார்.

“இது என்னம்மா?”

“அது... பானைக்குள்ள இருந்த அழுக்குங்க. இன்னைக்குத்தான் தூக்கிப் போட்டேன்.”

அவர் ஒரு கட்டியை எடுத்துப் பிட்டார். ஒரு பக்கம் ஏடு போலச் சேறு. மறுபக்கம் மணல் வெள்ளையாகவே இருந்தது. கருத்தமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ராக்காயி, இங்க வந்து பாரு. இம்புட்டுச் சேறும் இவங்க வயித்துக்குள்ள போயிருக்கணும். இந்த மணல் விடாம பிடிச்சு வச்சிருக்கு. அதைக் குப்பையில கொட்டிட்டு, ஒண்ணும் செய்யாத கல்லைக் கழுவி வச்சிருக்காங்க.”

சிங்காரி நெற்றியில் அடித்துக்கொண்டாள். “அய்யோ, மேல் ஏட்டை மட்டும் சுரண்டிப் போட்டிருந்தாப் போதுமே!”

வெட்கப்பட்டு நிற்க அவளுக்கு நேரமில்லை. விருந்தாளிகள் முன்னாலேயே சேற்றைச் சுரண்டி எறிந்தாள். மணலை அலசினாள். கரியையும் பொறுக்கிக் கழுவினாள். மறுபடி பானைகளை நிரப்பினாள். வேலப்பன் கிணற்றுக்கும் பானைக்குமாக ஓடினான். முதலில் கலங்கல் வந்தது. அதை வாழைக்கு ஊற்றிவிட்டு மறுபடியும் நிரப்பினார்கள்.

மைனா திரும்பி வந்தது. “என்னக்கா, மறுபடியும் அந்தச் சேத்து மணலா?”

“ஆமா. நீ இத்தனை நாளும் இதுவழியா வந்த தண்ணியத்தான் குடிச்ச. வயிறு வலிச்சுதா?”

மைனா இறகைக் கோதுவது போல முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வெயில் உச்சிக்கு வந்தது. எழுந்து போக இருந்தவர்கள் பானையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கீழ்ப்பானையில் தெளிந்த தண்ணீர் சேர்ந்தது. ராக்காயி சிரட்டையை ஒரே மூச்சில் காலி செய்தாள். வாயைத் துடைத்தாள். வேலப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இன்னொரு சிரட்டை குடுங்க, சம்பந்தி” என்றாள் ராக்காயி.

வேலப்பன் கிணற்றுச் சுவரை ஒரே தாவாகத் தாவினான். நல்லவேளை, கிணற்றுக்குள் விழவில்லை.

செவ்வந்தி மருமகளாக வந்த அன்று சிங்காரி அவளை நேரே பானையடிக்குத்தான் அழைத்துப்போனாள். “மேல சேறு தெரிஞ்சா வெக்கப்படாத தாயி. மணல் வேலை செய்யுதுன்னு அர்த்தம். சுரண்டிப் போட்டுட்டு மறுபடி ஊத்து” என்றாள்.

நம் அழுக்கைத் தம்மேல் வாங்கிக்கொண்டு நம்மைக் காப்பவரை, அழுக்கென்று சொல்லி ஒருநாளும் ஒதுக்கக் கூடாது.