கொல்லையில் கிடைத்த கூழாங்கல்

ராஜாக்களும் ஓலைக்கூரையில் குடியிருந்த காலத்துக் கதை இது. கொஞ்சம் காதைக் கொடுங்கள்.

மலையில் பிறந்து, மனம்போன பக்கமெல்லாம் வளைந்து ஓடியது நெளியாறு. அதன் கிழக்குக் கரையைக் கடம்பராயர் ஆண்டார். மேற்குக் கரையை அவருடைய பகையாளி வேங்கைக்கோன் ஆண்டான். பாறைப்பட்டி என்ற சிற்றூர் மேற்குக் கரையில் இருந்தது.

ஓர் ஐப்பசி வெள்ளத்தில் ஆறு தடம் மாறி, ஊருக்கு மேற்கே போய் ஓடத் தொடங்கியது. கடம்பராயருக்கு வாயெல்லாம் பல். "ஆறுதான் எல்லை. இனி பாறைப்பட்டி என் மண். அங்கே என் குதிரைகள் மேயும். மூன்று நாளில் ஊரைக் காலி செய்யுங்கள்" என்று ஆள் அனுப்பினார்.

அறுப்புக்கு நின்ற தினையை விட்டுவிட்டு எங்கே போவது? ஊரே தலையில் கை வைத்து உட்கார்ந்தது. கிணறு வெட்டும் சடைச்சி மட்டும் உட்காரவில்லை. கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே கடம்பராயர் சபைக்குப் போனாள்.

"ஆறு போற பக்கமெல்லாம் எல்லையும் கூடவே போகுமா, சாமி?"

"போகும்."

"நேத்தும் அப்படித்தானா?"

"நேற்றும் அப்படித்தான்."

"நாளைக்கும்?"

"என்றைக்கும் அப்படித்தான்!" என்று சபையறியச் சொன்னார் கடம்பராயர்.

"அப்போ ஆறு எங்கெங்கே ஓடியிருக்குன்னு பார்த்துடுவோம். மூணு குழி தோண்ட உத்தரவு கொடுங்க."

கடம்பராயர் சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

ஊர் எல்லையில் முதல் குழி தோண்டினாள். இடுப்பளவில் கூழாங்கல் வந்தது. கடம்பராயரின் ஓலை மாளிகைக்குப் போகும் பாதையோரம் இரண்டாம் குழி; அங்கேயும் கூழாங்கல். கடம்பராயரும் சபையாரும் பார்த்து நிற்க, மூன்றாம் குழியை மாளிகையின் கிழக்குக் கொல்லையில் தோண்டினாள். மார்பளவு ஆழத்தில், முட்டை முட்டையாகக் கூழாங்கல்!

"மலைக்கல்லுக்கு மூலை உண்டு சாமி. இப்படி உருட்டித் தேய்க்க ஆத்தால மட்டும்தான் முடியும். ஒரு காலத்துல ஆறு உங்க கொல்லையில ஓடியிருக்கு. அடுத்த வெள்ளத்துல பழைய வழிக்கே திரும்பிட்டா மாளிகை மேற்குக் கரைக்குப் போயிடும். அன்னிக்கு வேங்கைக்கோன் மூணு நாள் கெடு வச்சா, எந்தப் பக்கம் போவீங்க?"

கடம்பராயர் குழியைப் பார்த்தார், மாளிகையைப் பார்த்தார், சபையைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. அன்று மாலையே, இனி ஆறு எங்கே போனாலும் எல்லை மாறாதபடி, ஐப்பசி வெள்ளத்துக்கு முன் ஆறு ஓடிய தடத்தில் எல்லைக்கல் நட ஆள் அனுப்பினார். பாறைப்பட்டி தன் தினையைத் தானே அறுத்தது.

அடுத்தவருக்குச் சொல்லும் நியாயத்தை, முதலில் நம் வீட்டுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டும்.