சடை பின்னும் வரை

"கெட்டதைச் சொல்லச் சொன்னா பொழுதன்னிக்கும் சொல்லுவேன். நல்லதைச் சொல்லுன்னா நான் எங்கம்மா போவேன்?" என்றாள் காத்தாயி.

இளையம்மை சவரக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

காத்தாயி எல்லைப் படையில் ஸ்னைப்பராக இருந்தவள். தூரத்தில் மறைந்து படுத்து ஒரே குண்டில் ஆளைச் சாய்க்கிற வேலை. பெண்கள் மட்டுமே இருந்த அணி அது. சண்டை ஓய்ந்ததும் படை அவளை வீட்டுக்கு அனுப்பியது. வீட்டில் இருக்க முடியாமல் இந்த மலை மடத்துக்கு வந்து சேர்ந்தாள்.

இளையம்மை மடத்தின் தலைவி. காத்தாயியைவிட வயதில் சிறியவர். அதனால் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளோ இவரை அம்மா என்பாள். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். அவர்கள் இரண்டு பேருக்கும் வந்ததில்லை.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சேர வருகிறவளுக்கு இளையம்மையே தலை மழிப்பார். மழித்து முடிப்பதற்குள், தான் செய்ததிலேயே நல்லது என்று அவள் நினைக்கிற ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முடியோடு அதுவும் போய்விடும்.

கெட்டதை யாரும் கேட்பதில்லை. அதைச் சுமக்க முடியாமல்தானே எல்லாரும் மலையேறுகிறார்கள். கேட்காமலே கொட்டிவிடுவார்கள். நல்லதைத்தான் மடியில் முடிந்து வைத்துக்கொண்டு, லேசில் விடமாட்டார்கள்.

காத்தாயி கொட்டவும் இல்லை. வந்ததிலிருந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட்டாள்.

"சோறு சரியில்லையா அக்கா?" என்று இளையம்மை ஒருநாள் கேட்டார்.

"சோறு நல்லாத்தான் இருக்கு."

"பின்ன சுவத்துல என்ன தெரியுது?"

"ஆளுங்க தெரியமாட்டாங்க. அதான்."

இளையம்மை கேட்காமலே மீதியையும் காத்தாயியே சொன்னாள்.

"யாரைப் பார்த்தாலும் இடது கண்ணு தானா மூடிக்குது அம்மா. எம்புட்டுத் தூரம், காத்து எந்தப் பக்கம்னு மனசு பார்க்க ஆரம்பிச்சிருது. தண்ணிக் குடம் தூக்கிட்டு வந்த பிள்ளையக்கூட அப்படித்தான் பார்த்தேன். இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு யாருக்கு எதிர்ல உட்கார்றது?"

இளையம்மை தன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பேரும் சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார்கள்.

படையிலிருந்து திரும்பிய புதிதில் ஊரில் அவளுக்குப் பாராட்டுக் கூட்டம் நடந்தது. பெரிய பேனர், சால்வை, மைக், எல்லாம் இருந்தன. கூட்டம் முடிகிற நேரத்தில் ஒரு பள்ளிக்கூடப் பெண் எழுந்து, "அத்தை, சுடுறப்ப அவங்க உங்களைப் பார்ப்பாங்களா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி என்று எல்லாரும் சிரித்தார்கள். காத்தாயி மேடைக்குப் பின்பக்கமாக இறங்கி வீட்டுக்குப் போனவள்தான். அதன் பிறகு தெருவுக்கு வரவில்லை.

அப்படிப்பட்டவள் இன்று கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்திருக்கிறாள். இங்கேயும் சேர்த்துக்கொள்ளவில்லை என்றால் அவளுக்குப் போக இடமில்லை. அது இளையம்மைக்கும் தெரியும்.

தலையில் தண்ணீர் விழுந்தது.

"சொல்லுங்க அக்கா."

"ஒண்ணு இருக்கு," என்றாள் காத்தாயி.

அதை அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். அணியில் சொன்னாள், அதிகாரியிடம் சொன்னாள், அந்த மேடையிலும் சொன்னாள். படுக்கும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அது ஒன்று இருந்ததால்தான் அவளுக்குக் கொஞ்சமாவது தூக்கம் வந்தது.

"எதிர்ப்பக்கமும் பொம்பளைகளைக் கொண்டாந்துட்டாங்க அம்மா. அதுல ஒருத்தி எங்க ஆளுங்க நாலஞ்சு பேரைச் சாய்ச்சுட்டா. குழியை விட்டுத் தலையைத் தூக்க முடியலை. அவளைத் தேடி நானும் பவளமும் பாறை இடுக்குல படுத்தோம். பவளம் எனக்கு ஜோடி. அவ தொலைநோக்கியில பார்த்துத் தூரமும் காத்தும் சொல்லுவா, நான் சுடுவேன்."

கத்தி நெற்றியிலிருந்து மேலேறியது. முதல் கற்றை மடியில் விழுந்தது.

"காலையில வெயில் ஏறுறப்ப அவளைக் கண்டுட்டோம். இடிஞ்ச சுவத்து ஓட்டை வழியா நல்லாத் தெரியுறா. தொப்பியக் கழட்டி வச்சுட்டுத் தலைய அவுத்து விட்டிருந்தா. அடர்த்தியான முடி. பேன் கடிச்சிருக்கும், எங்களுக்கும் கடிச்சுது. சீப்ப வச்சு வாரு வாருன்னு வாருறா. பவளம் காதுக்குள்ள தூரத்தைச் சொல்லி, போடு, போடுங்குறா. நான் போடலை."

"ஏன்?"

"பொம்பளைல்ல அம்மா. தலை விரிஞ்சு கிடக்குறப்ப ஒருத்தியச் சாய்க்க எனக்கு மனசு வரலை. எங்க ஊர்ல செத்தவளுக்குக்கூட முடிய முடிஞ்சு விட்டுத்தான் எடுப்பாங்க. பின்னி முடிக்கட்டும்னேன். பவளம் பல்லக் கடிக்குறா. இவ தப்பிச்சா நாளைக்கு நம்மள்ல யாரு சாவுறதுங்குறா. சாவோம்னேன். அவ முடிய ரெண்டாப் பிரிச்சா. ரெட்டைச் சடை. ஒரு பக்கத்த எடுத்து இப்படி..."

காத்தாயியின் கைகள் உயர்ந்தன. இல்லாத சடையைப் பின்னத் தொடங்கின. தலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்தது.

கத்தி தலையைவிட்டு விலகியது.

"இப்படி ஒண்ணு, அப்புறம் இப்படி இன்னொண்ணு. நுனியில ரப்பர் பேண்டு போட்டா. அவ பின்னி முடிக்குற வரைக்கும் நான் விசையிலேர்ந்து விரலை எடுத்து வெளிய வச்சிருந்தேன் அம்மா. அதுக்கப்புறம்தான் போட்டேன். எங்க அதிகாரி கேட்டுட்டு, கருணையுள்ள கைன்னு சொன்னாரு."

சொல்லி முடித்த பிறகும் கத்தி இறங்கவில்லை.

"என்னம்மா நிறுத்திட்டீங்க?"

"நீங்க முடிங்க."

"முடிச்சுட்டேனே."

"கை?"

கைகள் இன்னும் காதருகே இருந்தன. காத்தாயி அவற்றை மடியில் இறக்கினாள்.

"நான் சொல்லி முடிக்கட்டும்னு நின்னீங்களா? உங்களுக்கு நல்ல மனசும்மா."

"இதுல நல்ல மனசுக்கு என்ன வேலை அக்கா? தலை ஆடிச்சு. ஆடுற தலையில கத்தி வச்சா பிசகும். நிக்கட்டும்னு பார்த்தேன்."

இளையம்மை இதை உலை கொதிப்பதைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டுக் கத்தியைச் செம்புத் தண்ணீரில் அலசினார்.

காத்தாயிக்கு முதலில் காது மடல்கள் சுட்டன. பிறகு கழுத்து. இத்தனை நாள் அவள் கூசியதெல்லாம் கொன்றதற்காக. இது வேறு. எடுத்து வைத்திருந்த ஒரே நல்ல புடவை, விரித்துப் பார்த்தால் அடுத்தவள் புடவை என்பதுபோல் இருந்தது. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அம்மா."

"ம்."

"ஆடுற தலையில போடக் கூடாது. புதுசா வர்ற பிள்ளைங்களுக்கு அதை நான்தான் சொல்லிக் குடுப்பேன்."

"ம்."

"வாருறப்பவும் பின்னுறப்பவும் தலை நிக்காது."

"நிக்காது."

"பவளம் போடச் சொன்னப்ப போட்டிருந்தா தவறியிருக்கும். எனக்கு அது தெரியும். விரலுக்குத் தெரியும். நான் அவளுக்காகக் காத்துக்கிட்டு இருக்கலை."

இளையம்மை கத்தியைத் துணியில் துடைத்தார்.

"மைக்குல சொன்னேன் அம்மா. எல்லாரும் கைதட்டுனாங்க. நான் அடக்கமாத் தலையக் குனிஞ்சுக்கிட்டு நின்னேன்."

அவள் முந்தானையை இழுத்துப் பாதி மழித்த தலையை மூடிக்கொண்டாள். கல்லைவிட்டு எழுந்தாள்.

"மிச்சத்த மழிக்க வேண்டாம். நான் போறேன். விட்டுட்டுப் போறதுக்கு எங்கிட்ட நல்லதுன்னு ஒண்ணும் இல்லை."

"பாதித் தலையோடயா போவீங்க?"

"ஆமா. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும்."

"உட்காருங்க அக்கா."

காத்தாயி உட்காரவில்லை. போகவும் இல்லை.

இளையம்மை கத்தியை மடக்கிக் கீழே வைத்தார். சுற்றி வந்து, ஈரத் தரையில் அவளுக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"நீங்க ஏன் காத்திருந்தீங்கன்னு இத்தனை வருஷமா ஊருக்கெல்லாம் சொன்னீங்க. அவ ஏன் நின்னா?"

"எனக்குப் புரியலை."

"சண்டை நடக்குற இடம். சடை பின்னியாச்சு. தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டுக் குனிஞ்சு போயிருக்கலாம். உங்களுக்குத் தோதா, தலைய ஆட்டாம ஏன் உட்கார்ந்திருந்தா?"

காத்தாயியின் இடது கண் தானாக மூடிக்கொண்டது.

அந்தக் கேள்வியை அதிகாரி கேட்டதில்லை. பவளம் கேட்டதில்லை. அவளும் கேட்டுக்கொண்டதில்லை. ஆனால் துப்பாக்கியின் கண்ணாடி வழியாகப் பார்த்தது முழுக்க அவளுக்குள்தான் இருந்தது. ஒன்றும் அழிந்திருக்கவில்லை.

மெல்லக் கல்லில் உட்கார்ந்தாள்.

"அவளுக்கும் ஒரு ஜோடி இருந்தா," என்றாள். "சுவத்துக்கு அந்தாண்ட. முழங்கை மட்டும்தான் தெரிஞ்சுது. இவ பின்னி முடிச்சதும் அந்தப் பிள்ளைக்கு முதுகக் காட்டி, எங்க பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தா."

"எதுக்கு?"

"வாய் அசைஞ்சுது. பின் வகிடு நேரா இருக்கான்னு கேட்டிருப்பா. நமக்குத்தான் அது தெரியாதே. கூட இருக்கிறவளத்தானே கேட்கணும்."

"ம்."

"அவ பார்த்துச் சொல்றதுக்காகத் தலைய ஆட்டாம வச்சிருந்தா அம்மா. அப்பத்தான் நான் போட்டேன்."