பனியில் வைத்த டேங்க்

“தாயி, மனசு முழுசாச் சுத்தமாக இன்னும் எத்தனை நாளுங்க ஆகும்?”

மருதாசலம் இதைக் கேட்டது ஒரு திங்கட்கிழமை காலையில். அவருக்கு அறுபத்து மூன்று வயசு. அவர் தாயி என்று கூப்பிட்ட தவமணிக்கு நாற்பதுதான். மலையடிவாரத்து மடத்தைப் பெரிய சாமிக்குப் பிறகு தவமணிதான் நடத்திவந்தார். அங்கே வருகிறவர்கள் வயசைப் பார்த்து வருவதில்லை.

தவமணி தோட்டத்துக் குழாயில் ஓட்டை விழுந்த இடத்தில் ரப்பர் சுற்றிக்கொண்டிருந்தார்.

“மூணு வருசமாக் கேக்காத கேள்வி. இன்னைக்கு என்னங்ணா வந்துச்சு?”

மருதாசலம் ஒரு கடுதாசியை நீட்டினார். மூன்றே வரி.

‘அப்பா, வர்ற வெள்ளிக்கிழமை எனக்கு இருதயத்துல ஆபரேசன். கோயமுத்தூர்ல. அதுக்கு முந்தி ஒருக்கா வந்து முகம் காட்டிட்டுப் போங்க. வசுமதி.’

தவமணி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“போலாமுல்லங்ணா?”

“இந்த மனசை வெச்சுக்கிட்டுங்களா?”

வசுமதி அவருக்கு ஒரே மகள். பதினோரு வருசத்துக்கு முன்னால் ஒரு லாரி டிரைவரைக் கட்டிக்கொண்டு போனாள். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்து நாலு பேர் மதிக்க வாழ்ந்த மனுசனுக்கு அது பொறுக்கவில்லை. நேரே பவானி ஆற்றுக்குப் போய் மூன்று முங்கு முங்கி எழுந்து, எனக்கு மகளே இல்லை என்று ஊரறியச் சொல்லிவிட்டு வந்தார்.

அதோடு விட்டாரா? அதுதான் இல்லை. நாலு வருசம் கழித்து அவர் சம்சாரம் செத்துப்போனபோது, அம்மா முகத்தைக் கடைசியாகப் பார்க்க மகள் ஓடிவந்தாள். கேட்டை இழுத்துத் தாழ் போட்டது இவர் கைதான். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பொழுது சாயும்வரை நின்றாள்.

அப்புறம் அந்த வீட்டில் இவரால் இருக்க முடியவில்லை. கேட்டைப் பார்க்கும்போதெல்லாம் இரண்டு கைகள் தெரிந்தன. எப்படியோ நாலு வருசம் ஓட்டிவிட்டு, மண்டியை விற்று மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

“கோவம் முக்கால்வாசி போயிருச்சுங்க தாயி. கால்வாசி அடியில கெடக்குது. அவளைப் பாத்ததும் வாயில என்ன வந்து விழுமோன்னு பயமா இருக்குதுங்க. ஆபரேசனுக்குப் போற புள்ளைகிட்டப் போயி எதையாச்சும் கொட்டிப்போட்டா? அதையும் கழுவிப்போட்டுப் போறனுங்க. எத்தனை நாளாகும்னு மட்டும் சொல்லுங்க.”

தவமணி ரப்பரை இழுத்து முடிச்சுப் போட்டார்.

“பெரிய சாமி ஓட்டுன ஜீப்பு ஆறு வருசமா சும்மா நிக்குது. மத்ததெல்லாம் காதர் பாய் சரி பண்ணிட்டார். பெட்ரோல் டேங்குதான் உள்ள ஒரே துருவாம். கழுவிக் குடுங்க.”

“நான் கேட்டதுக்குப் பதிலுங்க?”

“டேங்கு கழுவத் தெரியுமுங்களா?”

மருதாசலம் கடுதாசியை மடித்து வைத்துக்கொண்டு கொட்டாய்ப் பக்கம் நடந்தார்.

மெக்கானிக் காதர் பாய் டேங்கைக் கழற்றிக் கொட்டாயில் வைத்திருந்தார். செய்முறையையும் சொல்லிக் கொடுத்தார்.

“பழைய சங்கிலியை உள்ள போட்டுத் தண்ணி ஊத்திக் குலுக்குங்கண்ணே. கட்டித் துருவெல்லாம் உதிரும். நாளைக்கு ஆசிட்டு. அதுக்கு மறுநாள் சலவைச் சோடாத் தண்ணி விட்டு அலசிட்டு, துணி விட்டுத் துடைச்சு, கையோட பெட்ரோலை ஊத்திருங்க.”

“ஒரு நாள் காயட்டுமே பாய். என்ன அவசரம்?”

“கையோட ஊத்திருங்கண்ணே” என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டு அவர் சைக்கிளில் ஏறினார்.

மெக்கானிக்குகளுக்கு எப்போதும் அவசரம்தான் என்று மருதாசலம் நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை முழுக்கக் குலுக்கினார். தோள்பட்டை கழன்று விழுகிற மாதிரி வலித்தது. ஊற்றின தண்ணீரெல்லாம் செம்மண் குழம்பாக வந்தது.

செவ்வாய்க்கிழமை ஆசிட் ஊற்றினார். நுரைத்துக்கொண்டு நெடி கிளம்பியது. கண்ணைத் துடைத்துத் துடைத்துப் புரட்டிவிட்டார். யாரோ உதவிக்கு வந்தார்கள். வேண்டாம் என்று விரட்டிவிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் அலசிய தண்ணீர் தெளிவாக வந்தது. துணியை விட்டுத் துழாவித் துடைத்தார். சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். மூலைமுடுக்கெல்லாம் புது எவர்சில்வர் மாதிரி மின்னியது.

ஓடிப்போய்த் தவமணியைக் கூட்டிவந்தார்.

“பாருங்க தாயி. ஒரு பொட்டுத் துரு இல்லீங்க.”

தவமணி குனிந்து பார்த்தார்.

“நல்லா இருக்குதுங்ணா. பெட்ரோல் கேன் மூலையில இருக்குது.”

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார்.

மருதாசலம் கேனைத் திறந்து பார்த்தார். பெட்ரோல் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. டேங்கின் வாயைப் பார்த்தார். மனசு வரவில்லை. இத்தனை பாடுபட்டுச் சுத்தம் பண்ணினதில் அந்தக் கலங்கின பெட்ரோலையா ஊற்றுவது?

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் கழுவின பாத்திரம் எதுவானாலும் வாசலில் வாய் மேலே பார்க்க வைத்துவிட வேண்டும். மறுநாள் வெயில் உள்ளே விழுந்த பிறகுதான் அதில் எதையும் போடலாம். பெரிய சாமி ஏற்படுத்தின வழக்கம். மருதாசலம் மூன்று வருசத்தில் ஒருநாள்கூட அதைத் தப்பவிட்டதில்லை.

சொம்புக்கே அந்த மரியாதை என்றால் இதற்கு இல்லையா?

டேங்கைத் தூக்கி வாசலில் சொம்புகளுக்கும் குண்டாக்களுக்கும் பக்கத்தில் வைத்தார். மூடியைத் திறந்துவிட்டார். மார்கழி மாசம். பனி இறங்க ஆரம்பித்திருந்தது.

நிம்மதியாகத் தூங்கினார்.

வியாழக்கிழமை காலையில் குளித்து விபூதி பூசிக்கொண்டு வந்து டார்ச் அடித்தார்.

உள்ளே ஒரே செம்மஞ்சளாக இருந்தது.

டார்ச்சைத் தட்டிவிட்டு மறுபடி அடித்தார். அப்படியேதான் இருந்தது. விரலை விட்டுத் தேய்த்தார். மஞ்சள் இடித்த விரல் மாதிரி வெளியே வந்தது.

டேங்கைப் பொருத்த வந்த காதர் பாய் எட்டிப் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

“யா அல்லா! ஆசிட்டுல குளிச்ச இரும்பைப் பனியிலயா வெச்சீங்க? இதைவிட அது சும்மாவே கெடந்திருக்கலாமேண்ணே!”

மருதாசலம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்துவிட்டது. மறைக்கவும் தோன்றவில்லை.

தவமணி வந்து நின்றார்.

“மடத்து வழக்கப்படிதானுங்க தாயி வெச்சேன்.”

“சொம்புக்கு அது சரிங்ணா.”

“மறுபடியும் கழுவறனுங்க. இன்னும் மூணே நாள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பளிச்சுன்னு ஆக்கிப்போடறேன்.”

“சனிக்கிழமை” என்றார் தவமணி.

மருதாசலம் விரலை மடக்கி எண்ணினார். நாளைக்கு வெள்ளிக்கிழமை.

தவமணி கொட்டாய்க்குள் போனார். கேனைத் தூக்கிவந்து மூடியைத் திருகி, டேங்குக்குள் சாய்த்தார்.

“ஐயோ தாயி! துரு இருக்குதுங்க!”

“இருக்குது.”

“பெட்ரோல் கெட்டுப்போயிருமுங்க!”

“கொஞ்சம் கெடும்.”

நிறுத்தவே இல்லை. ஊற்றிக்கொண்டேதான் கேட்டார்.

“காதர் பாய், கழுவிட்டுக் காலியாவே வெச்சா?”

“மறுபடி துரு புடிக்கும்மா. ஆயுசுக்கும் கழுவிட்டே இருக்கலாம்.”

“ரொப்பிட்டு ஓட்டுனா?”

“ஓட ஓடக் கொஞ்சங் கொஞ்சமா ஃபில்டர்ல வந்து நிக்கும். வண்டி திணறும். நிறுத்தி, ஃபில்டரைக் கழட்டி ஊதிட்டுப் போகவேண்டியதுதான்.”

பத்து மணிக்கெல்லாம் டேங்க் ஜீப்பில் ஏறிவிட்டது. ஃபில்டரைக் கழற்றி மாட்டுவது எப்படி என்று காதர் பாய் இரண்டு தடவை காட்டிக் கொடுத்தார்.

“எனக்கெதுக்குங்க பாய் இதெல்லாம்?”

தவமணி சாவியை அவர் கையில் வைத்தார். மண்டிக் காலத்தில் அவரே வண்டி ஓட்டினவர் என்பது தவமணிக்குத் தெரியும்.

மருதாசலம் சாவியைப் பார்த்தார். தவமணியைப் பார்த்தார்.

“தாயி, கால்வாசி இன்னும் அடியிலயேதானுங்க கெடக்குது.”

“ஸ்குரூ டிரைவர் எடுத்துக்கிட்டீங்களாங்ணா?”

ஜீப் கிளம்பியது.

ஏழு மைல் போவதற்குள் திணறி நின்றது. இறங்கினார். கழற்றினார். ஊதினார். செம்மஞ்சள் தூள் மூஞ்சியில் பறந்தது. மாட்டிவிட்டு ஏறினார்.

அவினாசிக்குப் பக்கத்தில் இன்னொரு தடவை நின்றது. திரும்பிப் போய்விடலாமா என்று அங்கே ஒரு நினைப்பு வந்தது. வண்டி நின்றதும் ஒரு சாக்காயிற்று. ஆனால் கை தன்பாட்டுக்கு ஃபில்டரைக் கழற்றிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வாசல் தெரிகிற தூரத்தில் மூன்றாவது தடவை நின்றது. பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டினான். வாங்கிக்கட்டிக்கொண்டு ஊதினார்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் மருமகன் உட்கார்ந்திருந்தான். இவரைக் கண்டதும் எழுந்து நின்றான். கண் சிவந்து, தாடி வளர்ந்து, பாதி ஆளாக இருந்தான்.

மருதாசலத்துக்குத் தொண்டை வரைக்கும் ஏறிவந்தது. அதே பழைய கோபம். கொஞ்ச நேரம் நின்ற இடத்திலேயே நின்றார். ஒரு மூச்சு நீளமாக வெளியே போனது.

“சாப்பிட்டீங்களா மாப்பிள்ளை?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனார்.

கட்டிலில் வசுமதி வெளுத்துப் படுத்திருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கையை மட்டும் நீட்டினாள்.

அவரும் நீட்டினார். அன்றைக்குத் தாழ் போட்ட அதே கை. மகள் அதைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் பார்த்தாள்.

“கையெல்லாம் என்னப்பா இது?”

“துரு, கண்ணு.”

“கழுவிட்டு வந்திருக்கலாமுல்ல?”

மருதாசலம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“கழுவிக்கிட்டேதான் இருந்தேன் சாமி. அதான் இத்தனை வருசம் ஆயிப்போச்சு.”