நீறு சொன்ன சாட்சி

விக்டோரியாவின் கோதுமை வயல்களுக்கு நடுவே கொரல்பின் என்றொரு சிற்றூர். அங்கே கோழி இறைச்சித் தொழிற்சாலையின் தரையைக் கழுவிப் பிழைத்துவந்தார் கதிரித்தம்பியார். போரில் மனையாளையும் மண்ணையும் இழந்து, யாழ்ப்பாணத்திலிருந்து கையளவு வேல் ஒன்றை மட்டும் கொண்டுவந்தவர் அவர். ஊர்க் கால்பந்துச் சங்கம் தன் கட்டடத்தின் பின்னறையை அவருக்குத் தங்கக் கொடுத்திருந்தது. அவ்வறையே வேலவனுக்குக் கோயிலாயிற்று. கைம்மாறாகச் சேறு படிந்த சட்டைகளைத் துவைத்தார். ஆட்டநாள்களில் கோல் நடுவராகவும் நின்றார்.

முட்டை வடிவப் பந்தை உதைத்தாடும் ஆஸ்திரேலியக் கால்பந்து அது. நடுக்கம்பங்கள் இரண்டுக்கும் இடையே பந்து தூய்மையாகச் சென்றால் ஆறு புள்ளி; கோல் நடுவர் இரு கொடி உயர்த்துவார். கம்பத்தில் பட்டால் ஒரு புள்ளி, ஒரு கொடி. கொடி பிடிப்பவரை அந்தந்தச் சங்கமே தருவது அவ்வூர்களின் வழக்கம்.

ஆட்டத்திற்கு முன் அம்முருகனடியார் திருநீற்றைக் குழைத்துக் கம்பங்களில் முக்கீற்றாகப் பூசுவார். "முருகா, என் கண் பொய் சொல்லாதிருக்க அருள்வாய்" என்பதே அவர் வேண்டுதல்.

"கதிர், அந்த மந்திரப்பொடியை நம்ம பயலுக காலிலும் தடவிவிடப்பா!" என்பார் பயிற்சியாளர் பிராடி. எல்லாரும் சிரிப்பார்கள். ஆடத் தெரியாதவர்களுக்கு ஏளனம் மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது!

அந்தப் பருவம் முழுதும் மழை, முழுதும் தோல்வி. ஓர் ஆட்டமேனும் வெல்லாவிட்டால் சங்கத்தைக் கலைத்துக் கட்டடத்தை விற்பதென்று முடிவாயிற்று. அடியார் சேற்றுச் சட்டைகளைப் பிழிந்தார். முதுகு வலித்தது.

கடைசி ஆட்டம் வாண்டிலோ ஊரோடு. முடிவுச் சங்கு ஒலிக்கும் தறுவாயில் கொரல்பின் இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தது. அதன் வீரன் ஒருவன் உதைத்த பந்து தாழப் பறந்து கம்பங்களுக்கிடையே புகுந்தது. ஊரே ஆர்ப்பரித்தது. கம்பத்தில் பந்து உரசிய மெல்லொலியை அடியார் ஒருவரே கேட்டார். பின்னறையில் இருந்த வேல் அவர் நினைவில் வந்தது. ஒரு கொடியை மட்டும் உயர்த்தினார்.

சங்கு ஒலித்தது. ஒரு புள்ளியில் தோல்வி. வசை மழையாய்ப் பொழிந்தது.

உடன் வேலைசெய்யும் இரத்தினசோதி ஓடிவந்தான். "அண்ணை, உங்களுக்கு விசரே? ரெண்டு கொடியையும் ஆட்டியிருந்தா ஆருக்குத் தெரியப்போகுது? இனி எங்க போய்ப் படுக்கப்போறியள்?"

"அவனுக்குத் தெரியும், தம்பி. நான் களைச்சுப் போனன். பொய்யையும் சேர்த்துச் சுமக்க ஏலாது."

அறைக்குள் சென்று வேலினை ஒரு துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். கதவருகே பிராடி வந்து நின்றார். அவர் கையில் அந்தச் சிவந்த பந்து. அதன் தோலில் வெண்ணீற்றுக் கீற்று. கம்பத்தில் பந்து உரசிய இடத்தில் மட்டும் நீறு அழிந்திருந்ததையும் அவர் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"வாண்டிலோக்காரங்களும் பார்த்தாங்க, கதிர். அவங்க ஆடப்போற இறுதிப் போட்டிக்குக் கொடி பிடிக்க உன்னைத்தான் கேக்கிறாங்க." சற்றுத் தயங்கினார். "என் வீட்டில் ஓர் அறை சும்மா கிடக்கு. உன் சாமிக்கு அது போதுமா?"

அடியார் பந்தை வாங்கி, அந்நீற்றைத் தொட்டுத் தம் நெற்றியில் அணிந்தார். அப்போதுதான் அழுதார்.

இறுதிப் போட்டியன்று நீறு குழைக்கத் தண்ணீர் ஏந்தி நின்றவர் பிராடி. தன் இருப்பிடம் பறிபோகும் என்றறிந்தும் ஒரு கொடியே உயர்த்திய அக்கைக்கு நம் வணக்கம் உரியதாகுக.