பேஸ் கிட்டாரோட ஃப்ரெட்டெல்லாம் ஏன் சரிஞ்சிருக்கு?

அந்தக் காலத்துல கிட்டாருக்கெல்லாம் கையும் காலும் இருந்துச்சு. வாயும் இருந்துச்சு, ரொம்பவே இருந்துச்சு! எல்லாம் ஒரே மலையிலதான் குடியிருந்துச்சுங்க. கரண்டுக்கு எங்க போறது? மழை வந்தா மின்னலோட வாலைப் புடிச்சு வயித்துல சொருகிக்க வேண்டியதுதான். அதனால வருஷத்தோட மொத மழை அன்னிக்குத்தான் கச்சேரி. மலையில இருக்குற அத்தனை மிருகமும் பெரிய பாறை மேல ஏறி வந்து ஆடும்.

கோஷ்டியில மொத்தம் மூணு பேர். முன்னாடி நின்னு பொளந்து கட்டுறவ மினுக்கி, அவதான் லீடு கிட்டார். பின்னாடி உக்காந்து அடிக்கிறவர் டமாரம். நடுவுல ஒருத்தன் கட்டையன். அவன்தான் நம்ம பேஸ்! ஆனா அப்போ அவனைப் பார்த்தா உங்களுக்கு அடையாளமே தெரியாது. குட்டைக் கழுத்து. நாலே கம்பி, அதுவும் ஒல்லி. கழுத்துக்குக் குறுக்க பதிச்சிருக்குற ஃப்ரெட்டெல்லாம் ஏணிப்படி மாதிரி நேரா இருக்கும். குரல் மேலயும் போகாது, கீழயும் போகாது, நடுவுலயே சுத்தும்.

மழைக்கு நாலு நாள் இருக்கும்போது மினுக்கி வந்தா.

"டேய் கட்டையா, போன வருஷம் இடி இடிச்சப்போ நீ வாசிச்சியா?"

"வாசிச்சேனே! வெரல் தேயத் தேய வாசிச்சேன்."

"அப்படியா? நீ சொல்லித்தான் எனக்கே தெரியுது. இந்த வருஷமும் இடிக்கு நடுவுல உன் சத்தம் ஒருத்தருக்குக்கூட எட்டலன்னா மலையை விட்டு எறங்கிடு. பாறையில சும்மா இடத்தை அடைக்காத."

"விடும்மா, ஒரு ஓரமா இருந்துட்டுப் போறான்"னு டமாரம் இழுத்தார்.

"உங்களுக்குக் கேட்டுச்சாண்ணே?"ன்னு மினுக்கி திருப்பிக் கேட்டா.

டமாரம் தலையைச் சொறிஞ்சார். மினுக்கி பேசினதைவிட அந்தத் தலை சொறியல்தான் கட்டையனுக்கு ரொம்ப வலிச்சுது.

அவன் யோசிச்சான். இடிக்கு மேல கத்தி ஜெயிக்க முடியாது. அடியில பூந்து போனா? அதுக்காக அவன் என்ன பண்ணான் தெரியுமா? புதுசா பேஸ் வாங்குற எல்லாரும் மொத வாரம் பண்ற அதே தப்பு! கம்பியை முறுக்குற காதைத் திருகித் திருகிக் கம்பியைத் தளர்த்திட்டான். சுருதி எறங்குச்சு, ஆனா கம்பி நாலும் தொளதொளன்னு தொங்கிருச்சு. தட்டினா ஃப்ரெட்டுல மோதி 'கடகட'ன்னு ஓட்டைத் தகர டப்பா சத்தம்.

மரத்து மேல இருந்த மந்தி, "தம்பி, ஈரத்துணி ரெண்டு இருக்கு. காயப் போட்டுக்கவா?"ன்னு கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சுது.

கட்டையன் அவமானத்துல சரிவுல எறங்கிப் போய் ஒரு பலாமரத்துக்கிட்ட உக்காந்தான். உக்காந்த உடனே வயிறு தானா அதிர ஆரம்பிச்சுது. திரும்பிப் பார்த்தா ஒரு மோழை, அதான் தந்தமே இல்லாத ஆண் யானை. மரத்துல முதுகைத் தேய்ச்சுக்கிட்டு நிக்குது. வாயை மூடித்தான் இருக்கு.

"யோவ், என்னய்யா பண்ற? என் வயிறு அதிருது!"

"பேசிட்டிருக்கேன். என் சம்சாரம் ரெண்டு மலை தள்ளி இருக்கா."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே?"

"உன்கிட்டயா பேசினேன்? அவளுக்கு எட்டும். காலு வழியா கேப்பா."

"இடி இடிச்சா?"

"இடி என்னடா இடி? அவ திட்டணும்னு முடிவு பண்ணிட்டா எந்த இடியாலயும் என்னைக் காப்பாத்த முடியல."

கட்டையன் துள்ளி எழுந்தான். "புரிஞ்சிருச்சு! நீ பெருசா இருக்க, அதான் குரல் இவ்ளோ கீழ போகுது. நான் கம்பியைத் தளர்த்தியிருக்கவே கூடாது. கம்பி தடிக்கணும், நீளணும், ஆனா விறைப்பா நிக்கணும்! யோவ், உன் வால் முடி ஒண்ணு குடு!"

"வலிக்கும்டா..."

அதுக்குள்ள புடுங்கிட்டான். யானை போட்ட சத்தத்துல பலாப்பழம் மூணு விழுந்துச்சு. அந்த முடி மேல மெல்லிசா வேற ஒரு கம்பியை நெருக்க நெருக்கமா சுத்தி, அஞ்சாவது கம்பியா மாட்டினான். மத்த கம்பிகளையும் முறுக்கேத்தினான்.

"இப்போ என் கழுத்தைப் புடிச்சு இழு."

"பிஞ்சிட்டா?"

"ரெண்டு துண்டா மலையை விட்டு எறங்குறேன். இழுய்யா!"

யானை தும்பிக்கையை சுத்தி இழுத்துச்சு. கழுத்து 'கிரீச்'னு நீள ஆரம்பிச்சுது. அப்போதான் கட்டையனுக்கு பக்குன்னு ஆச்சு. இருக்குறதுலயே ஒல்லிக் கம்பியிலதான் அவன் தனியா இருக்கும்போது சின்னச் சின்னப் பாட்டு வாசிப்பான். இழுக்குற இழுப்புல அது அறுந்து போயிட்டா? டக்குன்னு அந்தப் பக்கத்தை மட்டும் பாறையோட சேத்து அழுத்திப் புடிச்சுக்கிட்டான்.

"விடுடா!"

"விட மாட்டேன்! தடிக் கம்பிப் பக்கத்தை மட்டும் இழு!"

"ரெண்டு பக்கமும் வேற வேற நீளத்துல எந்தக் கிட்டாருக்குடா இருக்கு?"

"எனக்கு இருக்கும்!"

யானை மூச்சைப் புடிச்சு ஒரே இழுப்பு. தடிப் பக்கம் நீண்டுச்சு, ஒல்லிப் பக்கம் கொஞ்சம்தான் நீண்டுச்சு. நடுவுல மாட்டின ஃப்ரெட்டெல்லாம் விரிச்ச விசிறி மாதிரி சரிஞ்சு நின்னுருச்சு.

மழை வந்துச்சு. மினுக்கி அவனைப் பார்த்து, "என்னடா இது, புயல்ல மாட்டின ஏணி மாதிரி வந்திருக்க?"ன்னா. கட்டையன் மின்னலைச் சொருகினான், தடிக் கம்பியைத் தொட்டான்.

அன்னிக்கு இடி சாதாரண இடி இல்ல. மினுக்கி கத்தினது மினுக்கிக்கே கேக்கல. டமாரம் அடிச்சதும் போச்சு. ஆனா ஆட்டம் மட்டும் பிசகவே இல்ல! கரடி, கீரி, முள்ளம்பன்றி, மந்தின்னு அத்தனை காலும் ஒண்ணா எழும்பி ஒண்ணா விழுந்துச்சு.

பாட்டு முடிஞ்சுது. மினுக்கி கேட்டா, "கட்டையன் சத்தம் யாருக்காவது கேட்டுச்சா?"

"இடிதான் கேட்டுச்சு"ன்னுச்சு கரடி. "எனக்கும் ஒண்ணும் கேக்கல"ன்னுச்சு முள்ளம்பன்றி.

கட்டையன் மின்னலை உருவிட்டு சரிவுல எறங்கி நடந்தான்.

மினுக்கி அடுத்த பாட்டை ஆரம்பிச்சா. மூணாவது அடியிலயே கரடி கீரியோட வாலை மிதிச்சுது. முள்ளம்பன்றி தப்பான பக்கம் திரும்பி மந்தியோட முதுகுல முட்டிச்சு. "ஐயோ அம்மா!"ன்னு மந்தி போட்ட சத்தம் இடியையே தாண்டிருச்சு. டமாரம் கணக்கு விட்டுட்டுக் குச்சியைக் கீழ போட்டார்.

"அவன் எங்க? இவ்ளோ நேரம் என் காலுக்கடியில அதிர்ந்ததை வச்சுத்தான் நான் அடிச்சேன்!"

கரடி நெஞ்சுல கை வச்சுப் பார்த்துச்சு. "காதுல கேக்கலதான். இங்க இருந்துச்சு. இப்போ இல்ல."

"யாராவது அவனைக் கூட்டிட்டு வாங்க!"ன்னு மந்தி முள்ளைப் புடுங்கிக்கிட்டே கெஞ்சிச்சு.

மினுக்கியே மழையில சரிவு எறங்கி ஓடினா. "டேய், தப்புதான்டா. வா. முன்னாடி, என் பக்கத்துல நில்லு."

கட்டையன் நின்னு திரும்பினான். "வர்றேன். ஆனா முன்னாடி வேணாம். டமாரம் அண்ணன் பக்கத்துல நிக்கிறேன். என் வேலை அங்கதான் இருக்கு."

அன்னையிலேர்ந்துதான் அடி சுருதிக்குன்னே செய்யுற பேஸுக்கு நீளக் கழுத்து, கூடுதலா ஒரு தடிக் கம்பி, சரிஞ்ச ஃப்ரெட்டு. அன்னையிலேர்ந்துதான் பேஸ் வாசிக்கிற நாங்க எந்த மேடையா இருந்தாலும் ட்ரம்ஸ் பக்கத்துலயே போய் நிக்கிறோம். என் தோள்ல தொங்குறதும் அந்தக் கட்டையன் வம்சம்தான். நான் வாசிச்சா கீழ் வீட்டுக்காரர் சத்தம் வருதுன்னு சொல்றதே இல்ல, வீடே அதிருதுன்னுதான் சொல்றார்!