ஜில்லென்று இருந்த ஹீட்சிங்க்

கோயம்புத்தூர் ரிமோட் கார் கிளப்பில் பந்தயம் தொடங்க அரைமணி நேரம் இருந்தது. ஒத்திகையின் மூன்றாவது சுற்றிலேயே தலைவர் தேவசிகாமணியின் குட்டிக் கார், மோட்டார் கொதித்து நின்றுவிட்டது. அவர் மெக்கானிக் மயிலாத்தாளைக் கூப்பிட்டார்.

"புதுசா எதுவும் மாட்டக் கூடாது, ஐஸும் வைக்கக் கூடாது. பந்தயத்துல கார் நின்னா நாளையிலிருந்து நீ வேலைக்கு வராதே. ஹீட்சிங்க் நானே வெளிநாட்டிலிருந்து வரவழைச்சு, நானே மாட்டினது. தப்பு உன் கையிலதான்."

மோட்டாரின் சூட்டை இழுத்துக் காற்றில் விடும் அலுமினியத் துண்டுதான் ஹீட்சிங்க்.

"அதைத் தொட்டுப் பாருங்க சார்."

"ஜில்லுன்னு இருக்கு, பாத்தியா!" தலைவர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்படியே மோட்டாரையும் தொடுங்க."

தொட்டவர் கையை உதறினார்.

"மோட்டார் கொதிக்கிற சேதி உங்க ஹீட்சிங்குக்கு இன்னும் போகலைங்க" என்றபடி மயிலாத்தாள் திருகுகளைக் கழற்றினார். ஹீட்சிங்கின் அடியில், மோட்டாரைத் தொடும் பக்கத்தில், பிளாஸ்டிக் தாள் ஒட்டியபடியே இருந்தது. புதுப் பொருளின் உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பது தலைவரின் வழக்கம். வீட்டு சோபாவும் ஆறு வருடமாக உறைக்குள்தான் இருக்கிறது.

"ஐயோ, அதைக் கிழிக்காதே! புதுசு!"

"பிரிச்சா கார் ஓடும். பிரிக்காட்டி தாள் புதுசா இருக்கும். எது வேணும்னு சொல்லுங்க சார்."

கூட்டம் சிரித்தது. தலைவர் தலையாட்ட, மயிலாத்தாள் தாளை உரித்தார்.

பந்தயத்தில் இருபது சுற்றும் கார் நிற்காமல் ஓடியது. தலைவர் ஆசையாக ஹீட்சிங்கைத் தொட்டார்.

"ஆ! சுடுதே!"

"இன்னைக்குத்தானுங்க அது வேலை செய்யுது" என்றார் மயிலாத்தாள். "நாளைக்கு நான் எத்தனை மணிக்கு வரட்டுங்க?"